ஊமையன் கோட்டையைக் கட்டியது ஊமைத்துரை இல்லை... யார் இந்தக் கிழவன் சேதுபதி?

புதுக்கோட்டை அருகே இருக்கும் திருமயம் மலைக்கோட்டைக்கு ஊர்க்காரர்கள் வைத்த பேர் ஊமையன் கோட்டை. ஆனால் ஊமைத்துரை தூக்கிலிடப்பட்டது 1801-ல். கோட்டை எழுந்ததோ 1687-ல். கட்டியவர், ராமநாதபுரம் சீமையை ஆண்ட ரகுநாத கிழவன் சேதுபதி.

காரியாபட்டி, திருச்சுழி பக்கமெல்லாம் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டம்தான். அந்தச் சீமையின் தலைநகரைப் போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு மாற்றியவரும் இவரே.

சீமையின் வடக்கு எல்லைக்குக் காவலாக வந்தது திருமயம். ஒரு காலத்தில் ஏழு சுற்று மதில். இன்று மிச்சம் நாலுதான். அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் பழைய குடைவரைக் கோயில்கள்.

மனைவி காதலி நாச்சியாரின் சகோதரர் ரகுநாத தொண்டைமானைப் புதுக்கோட்டைக்குத் தலைவராக்கினார் சேதுபதி. 1693-ல் பாதிரியார் ஜான் டி பிரிட்டோ ஓரியூரில் தலை வெட்டப்பட்டதும் இவர் உத்தரவில்தான். 1702-ல் ராணி மங்கம்மாளின் படையைத் தோற்கடித்த பிறகு மதுரைக்கு அடங்க வேண்டிய நிலை முடிந்தது.

1710-ல் அவர் இறந்தார். பிற்பாடு வாரிசுச் சண்டை வெடிக்க, திருமயம் தொண்டைமான்கள் கைக்குப் போனது. எதிரியைத் தடுக்கக் கட்டிய கோட்டை, கடைசியில் மச்சான் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. 1948-ல் புதுக்கோட்டை சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணையும் வரை அது அவர்கள் வசமே இருந்தது.