தக்க ஆசானைத் தேடிய பண்டிதர்

குற்றால மலையில் பிறந்து பொருநையோடு கலக்கும் சிற்றாற்றை அறியாதார் நம் நெல்லைச் சீமையில் இல்லை. அந்தத் தென்காசி வட்டாரத்திலே, சுரண்டைக்கு அருகில், சாம்பவர் வடகரை என்றோர் ஊர் உண்டு. 1859ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் முத்துசாமி, அன்னம்மாள் தம்பதியரின் மகனாக ஆபிரகாம் பண்டிதர் அங்கே பிறந்தார்.

ஆசிரியப் பயிற்சிக்காகத் திண்டுக்கல் சென்றவருக்கு இசையில் தீராத ஆவல். ஆனால் கிறிஸ்தவக் குடும்பத்து இளைஞர் ஒருவர் கருநாடக இசையை முறையாகக் கற்க எவரிடம் போவது? அந்நாளில் அது எளிய கேள்வி அன்று. இன்றுபோல் இசைப் பள்ளிகள் மலிந்திராத காலம். குருவின் எதிரே அமர்ந்து, அவர் பாடப் பாடத் திருப்பிப் பாடியே கற்க வேண்டும். குரு வாய்க்காதவருக்கு வித்தையும் வாய்க்காது. பண்டிதருக்குத் திண்டுக்கல்லிலேயே சடையாண்டிப் பத்தர் வாய்த்தார். அவரிடம் இசை பயின்றார்.

மருத்துவத்திலும் அவ்வாறே. சுருளி மலையில் கருணானந்த முனிவரைக் கண்டு சித்த மருத்துவ முறைகளைப் பெற்றார். பின்னர் தஞ்சைக்கு அருகே தாம் அமைத்த தோட்டத்துக்குக் கருணானந்தபுரம் என்று அந்தக் குருவின் பெயரையே இட்டார்.

தஞ்சையில் அவரும் துணைவியார் ஞானவடிவு பொன்னம்மாளும் பெண்கள் பள்ளியொன்றில் ஆசிரியப் பணி புரிந்தவர்கள் என்பது நம் மாணவியருக்கு மகிழ்வூட்டும் செய்தி. மருத்துவத்தில் ஈட்டிய பொருளை இசைக்கே வாரி வழங்கினார். 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, வித்துவான்களைத் தம் செலவிலேயே தஞ்சைக்கு அழைத்து மாநாடுகள் நடத்தினார்.

ஒரு ஸ்தாயியில் சுருதிகள் 22 என்பது வழிவழி வந்த கொள்கை. பண்டிதரோ, பழந்தமிழ் நூல்களை ஆராய்ந்து, 24 என்று வாதிட்டார். 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில் இதை மெய்ப்பிக்கத் தம் மகளிரையே பாட வைத்தார். பெண்கள் சபையேறிப் பாடத் தயங்கிய அக்காலத்தில் இது சிறிய காரியமா? அவருடைய கணக்கை அறிஞர் அனைவரும் ஏற்றுக்கொண்டாரில்லை. அவ்வாதம் பின்னும் தொடர்ந்தது. எனினும் 1917இல் வெளிவந்த 'கருணாமிர்த சாகரம்', ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அந்தப் பெருநூல், தமிழிசையை ஆராய்வோர் எவரும் தாண்டிச் செல்ல முடியாததாயிற்று.

1919 ஆகஸ்ட் 31ஆம் நாள் பண்டிதர் இறைவனடி சேர்ந்தார். அந்நூலின் இரண்டாம் பாகம் அப்போது அச்சேறவில்லை. தந்தையாரிடமே இசைப் பாடம் கேட்ட மகள் மரகதவல்லி அம்மையார் அதனை 1946இல் வெளியிட்டார்.