மேஜர் ஜெனரல் அன்ரன் முத்துக்குமாரு
இலங்கை இராணுவத்தின் முதற் சுதேசத் தளபதி

திருக்கோணமலையில் படித்த நம் எல்லோருக்கும் பிரட்றிக் கோட்டை வாசல் பழக்கமானது. வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது அந்தக் கல்வாசலைக் கடந்து, மரநிழலில் நிற்கும் மான்களைப் பார்த்தபடி, இராணுவ முகாமின் நடுவே ஏறித்தான் சுவாமி மலைக்குச் செல்வோம். காவலுக்கு நிற்கும் சிப்பாய்களை ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு மனநிலையில் பார்த்திருக்கிறது. போர்க்காலத்தில் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றவர்களும் நம்மிடையே உள்ளனர். அந்த இராணுவத்துக்கு முதன்முதலில் தலைமை தாங்கிய இந்நாட்டவர் ஒரு தமிழர் என்பது நம் இளைய சகோதரிகள் பலருக்குத் தெரியாது. அதனாலேயே இந்த நூற்றாண்டு மலரில் அவரை நினைவுகூர விரும்பினோம்.

அன்ரன் முத்துக்குமாரு 1908ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6ஆம் திகதி பிறந்தார். கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியில் கற்று, பின்னர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஜீசஸ் கல்லூரியில் பயின்றார். இலண்டனில் பாரிஸ்டராகி நாடு திரும்பிய அவருக்குச் சட்டத்துறையில் நல்ல எதிர்காலம் காத்திருந்தது. ஆயினும் 1934இல் இலங்கை இலகு காலாட்படையில் தொண்டர் அதிகாரியாக இணைந்தார். பகலில் நீதிமன்றம், ஓய்வு நேரத்தில் அணிவகுப்பு மைதானம் என்ற அந்த வாழ்க்கையை இரண்டாம் உலகப்போர் மாற்றிவிட்டது. தொண்டர் படையினர் முழுநேரச் சேவைக்கு அழைக்கப்பட்டனர்.

அந்தப் போர் நம் ஊரையும் விட்டுவைக்கவில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. எண்ணெய்க் குதம் ஒன்று எரிந்ததையும், சனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரைவிட்டுப் போனதையும் நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். போர் முடிந்ததும் 1946இல் இலண்டனில் நடந்த வெற்றி அணிவகுப்பில் இலங்கைப் படையினருக்கு முத்துக்குமாரு தலைமை தாங்கினார். அவரது சேவைக்கு ஓ.பி.ஈ. விருதும், தொண்டர் படை அதிகாரிகளுக்குரிய ஈ.டி. விருதும் கிடைத்தன.

1949 ஒக்டோபர் 10ஆம் திகதி சுதந்திர இலங்கையின் இராணுவம் உருவானது. வழக்கறிஞர் தொழிலுக்குத் திரும்பாமல் முத்துக்குமாரு நிரந்தரச் சேவையில் சேர்ந்தார். இலகு காலாட்படையின் முதலாவது நிரந்தரப் படைப்பிரிவுக்கு அவரே முதற் கட்டளை அதிகாரி. இராணுவத் தளபதி பதவியை முதலில் பிரித்தானிய அதிகாரிகள் இருவர் அடுத்தடுத்து வகித்தனர். 1955 பெப்ரவரி 9ஆம் திகதி அப்பதவி முத்துக்குமாருவிடம் வந்தது. மேஜர் ஜெனரல் நிலைக்கு உயர்ந்த முதல் இலங்கையரும் அவரே.

அவர் தளபதியாக இருந்த ஐந்து ஆண்டுகளும் இலகுவானவை அல்ல. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி நம் நகரில் மாநாடு கூட்டிச் சமஷ்டி ஆட்சி கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி திருக்கோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் இலங்கையிடம் ஒப்படைத்தனர். நம் மாணவியர் பலரின் தந்தையரும் பாட்டனாரும் டொக்யாட்டில் வேலை பார்த்தவர்களாதலால் அந்தக் கொடிமாற்றம் பல வீடுகளைத் தொட்டது. அவ்வாண்டு முடிவில் பெருவெள்ளம் வந்து குளங்கள் உடைந்து ஊர்கள் மூழ்கியபோது, படையினர் மீட்புப் பணியில் இறங்கினர்.

எல்லாவற்றிலும் கடினமான சோதனை 1958 மே மாதத்தில் வந்தது. இனக்கலவரம் நாடெங்கும் பரவி, 27ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. கொழும்பில் முகாம்களில் தஞ்சமடைந்த தமிழர்கள் கப்பல்களில் வடக்கே அனுப்பப்பட்டனர். வீதிகளில் அமைதியை மீட்கும் பொறுப்பு முப்படையினருக்கும் பொலிசாருக்கும் வந்தபோது, இராணுவத்தின் தலைமையில் இருந்தவர் ஒரு தமிழர். தன் இனத்தவர் தாக்கப்படும் வேளையில், பெரும்பான்மையினர் நிறைந்த படைக்குக் கட்டளையிடுவது எத்தகைய பாரம் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும். அவரால் மேலும் செய்திருக்க முடியாதா என்று கேட்போரும் உண்டு. அரசியல் முடிவுகள் தளபதியின் கையில் இருக்கவில்லை. சட்டத்தின் கீழ், இனம் பாராமல் கடமை செய்யும் படையே அவருக்கிருந்த கருவி. தமிழ்த் தளபதியின் கட்டளையைச் சிங்களச் சிப்பாய்கள் ஏற்று நடந்தார்கள். அப்படியும் ஒரு காலம் இந்நாட்டில் இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1959 டிசெம்பர் 31ஆம் திகதி அவர் இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றார். பின்னர் பாகிஸ்தானிலும் அவுஸ்திரேலியாவிலும் உயர்ஸ்தானிகராகவும், எகிப்தில் தூதுவராகவும் நாட்டுக்குச் சேவை செய்தார். முதுமையில் இலங்கையின் இராணுவ வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். அது 1987இல் வெளிவந்தது. எழுத்தும் வாதமும் கற்ற சட்டத்தரணி அவருக்குள் கடைசிவரை இருந்திருக்கிறார். நம் சகோதரிகள் பலர் குடியேறியுள்ள அவுஸ்திரேலியாவிலேயே 2001இல் அவர் காலமானார்.

நூறு ஆண்டுகளாக நம் பாடசாலை ஒரே வகுப்பறையில் பல சமூகத்துப் பிள்ளைகளை அருகருகே இருத்தி வந்திருக்கிறது. தகுதியும் ஒழுக்கமும் இருந்தால் எந்தப் பதவிக்கும் எவரும் வரலாம் என்றே நம் ஆசிரியைகள் போதித்தனர். அது வெறும் பாடமல்ல என்பதற்கு முத்துக்குமாரு ஒரு சான்று. அந்த வழி பிற்காலத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒடுங்கிப் போனது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே நம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வோம். அடுத்த முறை ஊருக்கு வந்து கோட்டை வாசலைக் கடக்கும்போது, மான்களோடு இந்த மனிதரையும் அவர்களுக்கு நினைவூட்டுவோம்.