எளியோர் பேச்சைத் திரையேற்றிய சந்திரபாபு

உழைக்கும் மக்களின் பேச்சைக் கேட்டு நகைப்போர் இன்றும் உளர். அவர்கட்குத் தக்க விடையாக அமைந்தது நடிகரும் பாடகருமான ஜே. பி. சந்திரபாபுவின் வாழ்க்கை.

அவர் 1927ஆம் ஆண்டு தூத்துக்குடியில் பிறந்தார். தந்தையார் விடுதலைப் போராட்ட வீரர். குடும்பம் இலங்கை செல்ல நேர்ந்தமையால் இளமை கொழும்பில் கழிந்தது. 1943இல் சென்னைக்குத் திரும்பினர். 1947இல் 'தன அமராவதி' படத்தில் முதன்முதலாகத் தோன்றினார். ஆயினும் வாய்ப்புகள் எளிதில் கிட்டவில்லை. 1952இல் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். பிழைத்தெழுந்த பின்னரே பெரும்புகழ் அவரை அடைந்தது.

குரலைத் துள்ளவிட்டுப் பாடும் 'யோடலிங்' என்னும் மேனாட்டு முறையைத் தமிழ்ப் பாட்டில் பரவச் செய்தவர் அவர். அமெரிக்காவில் 1901இல் வறிய கருப்பினக் குடும்பத்தில் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங், பொருளற்ற ஒலிகளையும் பாட்டாக்கி ஜாஸ் இசையை உலகறியச் செய்தார். அவ்விசையோடு அம்மக்களின் வழக்குச் சொற்களும் ஆங்கிலத்தில் கலந்தன. அதனை ஒத்ததொன்று இங்கும் நிகழ்ந்தது.

1958இல் வெளிவந்த 'சபாஷ் மீனா'வில் ரிக்‌ஷாக்காரராக வந்து சென்னைத் தமிழைப் பொழிந்தார் சந்திரபாபு. அவர் அந்நகரில் பிறந்தவர் அல்லர்; செவியால் கேட்டுக் கற்றவர். கொச்சையென ஒதுக்கப்பட்ட பேச்சைத் தமிழகமே விரும்பிக் கேட்டது. பின்வந்த நகைச்சுவை நடிகர் பலரும் அவ்வழியைப் பின்பற்றினர். 'குமார ராஜா' (1961), 'அன்னை' (1962) படங்களில் அவர் பாடிய பாடல்கள் சிரிப்பினூடே சிந்தனையும் தந்தன. 1966இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தை இயக்கினார். 1974 மார்ச் 8ஆம் நாள், 46ஆம் வயதில் மறைந்தார்.

அரங்கில் எழுந்த சிரிப்பு, சிலவேளை அந்த ரிக்‌ஷாக்காரரையே நோக்கியதாகவும் இருந்திருக்கும். அதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆனால், கேட்டுப் பழகிக் கற்க வேண்டிய நுட்பம் எளியோர் பேச்சிலும் உண்டு என்பதை அக்கலைஞர் மெய்ப்பித்தார்.

சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டக் குடியிருப்புகளிலிருந்து வரும் நம் பிள்ளைகள், வகுப்பில் வாய்திறக்கத் தயங்குவதை நாம் கண்டிருக்கிறோம். பணியேற்ற புதிதில், வீட்டுப் பேச்சுக்காக ஒரு சிறுவனைக் கடிந்துகொண்டோம். அதன்பின் அவன் பல நாள் வாய்திறக்கவில்லை. அது இன்றும் நம் நெஞ்சை உறுத்துகிறது.

செந்தமிழைப் பிழையறக் கற்பிப்போம். தேர்வுக்கும் பணிக்கும் அது வேண்டும். ஆனால், பெற்றோர் பேசும் மொழிக்காக எந்தப் பிள்ளையும் தலைகுனியாதிருக்கச் செய்வோம். வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கம் இதனைத் தன் கடமையாகக் கொள்ளுமாக!