மாயூரம் வேதநாயகம் பிள்ளை

தமிழில் வெளிவந்த முதல் நாவல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' ஆகும். 1879ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலை இயற்றியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

அன்னார் 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் கற்று, மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றினார். ஆங்கிலத்தில் இருந்த தீர்ப்புகளை எளிய மக்களும் அறியும் பொருட்டுத் தமிழில் பெயர்த்தார். 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம் வாட்டியபோது, தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார்.

அவருடைய நாவலின் தலைவன் பிரதாபன் செல்வக் குடியிற் பிறந்தவன். செல்வனுக்குக் கல்வி எதற்கு என்று எண்ணிய அவனைத் தாயே திருத்துகிறாள். உடன் பயின்ற ஞானாம்பாளோடு நிச்சயித்த மணம், தந்தையர் இருவரின் வீண் பிடிவாதத்தால் தடைப்பட்டுப் பின்னரே நிறைவேறுகிறது. பிற்பாடு, பிரிந்த கணவனைத் தேடி ஆண் வேடத்திற் சென்ற ஞானாம்பாள், விக்கிரமபுரியின் அரசனாக்கப்பட்டுச் செங்கோல் செலுத்துகிறாள். நல்லாட்சி புரிய அவளுக்குத் துணைநின்றது குடிப்பெருமையன்று, கற்ற கல்வியே. பெண்கள் கல்வி பெறுதல் அரிதாயிருந்த காலத்தில் இவ்வாறு எழுதியது பெருந்துணிவாகும். 'பெண்கல்வி' என்னும் நூலையும் அவர் இயற்றினார்.

நம் சிங்கப்பூரில் 'சிங்கைநேசன்' இதழ் தோன்றிய 1887ஆம் ஆண்டிலேயே அவரது இரண்டாம் நாவலான 'சுகுண சுந்தரி'யும் வெளிவந்தது. 1889ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் அவர் மறைந்தார்.

உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர்களே! மகனுக்கும் மகளுக்கும் நீங்கள் சேர்த்துவைக்கும் அழியாச் செல்வம் கல்வியே. மாணவச் செல்வங்களே, அச்செல்வத்தைக் கருத்துடன் பெற்று வாழ்வீர்களாக!