மலையேறிய இளைஞர்

இத்தாலியின் தூரின் நகரிலே, பத்திரிகை அதிபர் ஒருவரின் மகனாக 1901 சித்திரை 6ஆம் நாள் பிறந்தவர் பியர் ஜோர்ஜோ பிரசாத்தி.

ஓய்வு நாட்களில் நண்பர்களோடு அல்ப்ஸ் மலைகளில் ஏறுவார். நகருக்குத் திரும்பியதும், வின்சென்ட் டி போல் சபை அங்கத்தவராக, ஏழை நோயாளரின் வீட்டுப் படிகளில் ஏறுவார். இதை வீட்டில் அவர் சொல்லிக்கொள்வதில்லை.

1925 ஆனி 7இல் கடைசியாக மலையேறினார். சில வாரங்களில் இளம்பிள்ளைவாதம் அவரைச் சாய்த்தது. இறப்பதற்கு முந்திய நாள், முடங்கிய கையால், ஏழை நோயாளி ஒருவருக்கு ஊசிமருந்து சேர்ப்பிக்கும்படி சீட்டு எழுதினார். ஆடி 4இல், 24ஆவது வயதில், இறைபதம் அடைந்தார்.

இறுதி ஊர்வலத்தில் திரண்டுநின்ற ஏழைகளைக் கண்டபோதுதான், தங்கள் மகன் செய்துவந்த பணியைப் பெற்றோர் முழுமையாக அறிந்தனர். 2025 புரட்டாதி 7இல் திருச்சபை அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தது.