தேஹு துக்காராம்: வழக்கும் மறைவும்

ஆண்டுதோறும் ஆனி மாதத்தையொட்டி, தேஹுவிலிருந்து பண்டரிபுரம் செல்லும் துக்காராம் பல்லக்கு முளா ஆற்றின் ஹாரிஸ் பாலத்தைக் கடந்து நம் போபோடி வழியாகப் புனா நகருள் நுழைகிறது. தாளமும் மிருதங்கமும் ஒலிக்க, காவிக்கொடி தாங்கிய வார்க்கரிகள் பல்லாயிரவர் நடந்து செல்கின்றனர். துக்காராமின் மகன் நாராயணர் 1685இல் தொடங்கிவைத்ததாகக் கூறப்படும் வழக்கம் இது. அந்நாளில் நம் இளைஞர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுதல் இயல்பே. இருபத்திரண்டு உறுதிமொழிகளை ஏற்று புத்த தம்மத்தைத் தழுவிய நமக்கும் அந்தப் பல்லக்குக்கும் யாது தொடர்பு? விட்டலரைப் பாடிய ஒருவரை நாம் ஏன் நினைத்தல் வேண்டும்? இக்கேள்வி நேர்மையானது. இதற்கு விடை துக்காராமின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரில் கி.மு. 399இல் சாக்ரடீஸ் என்னும் ஞானி மன்றத்தின் முன் நிறுத்தப்பட்ட வரலாற்றை நாம் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். நகரத்துத் தெய்வங்களை மதிக்கவில்லை, இளைஞரைக் கெடுத்தார் என்பவை அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்கள். எழுபது வயது முதியவர் தப்பியோட வழி இருந்தும் ஓடாது, நஞ்சருந்தி மாண்டார். அத்தகைய வழக்கொன்று நம் ஊருக்கு அணித்தே, இந்திராயணி ஆற்றங்கரையில், பதினேழாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

துக்காராம் 1608ஆம் ஆண்டில் தேஹு கிராமத்தில் பிறந்தார் என்பது பெரும்பாலோர் கொள்கை. தந்தையார் போல்ஹோபா; தாயார் கனகாயி. உழவுத் தொழில் செய்யும் குன்பி வகுப்பினராகிய அக்குடும்பம் மளிகை வாணிகமும் கொடுக்கல் வாங்கலும் செய்து ஓரளவு வசதியாக வாழ்ந்தது. ஆயினும் வருணக் கணக்கில் அவர்கள் சூத்திரரே. வேதத்தை ஓதவோ, அதன் பொருளைப் பிறர்க்கு உரைக்கவோ உரிமையற்றவர்கள்.

1630ஆம் ஆண்டையொட்டித் தக்காணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. துக்காராமின் முதல் மனைவி ரக்குமா உணவின்றி இறந்தார். இளம் மகனும் மடிந்தான். வாணிகம் நொடித்தது. துக்கம் என்பது ஏட்டில் படித்த சொல்லாக இல்லாமல் தம் வீட்டு முற்றத்திலேயே வந்து நின்றதை அவர் கண்டார். பின்னர் அவர் செய்த செயல் நம் கருத்துக்குரியது. ஊரார் தம் குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்திருந்த கடன் பத்திரங்களில் தம்பி கான்ஹோபாவின் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டுத் தம் பங்கை இந்திராயணியில் எறிந்தார். பஞ்சத்தில் நலிந்த ஏழைகள் பலர் அன்றே கடனிலிருந்து விடுபட்டனர்.

பிறகு அவர் தனிமையை நாடி அருகிலுள்ள பண்டாரா மலைக்கும் பாம்சந்திர மலைக்கும் சென்று சிந்தனையில் அமர்ந்தார். பண்டாரா மலையில் பண்டைய பௌத்தர் குடைந்த குகைகள் உள்ளன. பிக்குகள் தியானித்த இடத்திலேயே பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு சூத்திர வணிகர் அமர்ந்து உள்ளத்தை ஆராய்ந்தார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். அங்கிருந்து மீண்டவர் மக்கள் பேசும் மராத்தியிலே அபங்கங்கள் பாடலானார். போலித் துறவியரையும், கருணையற்ற ஆசாரத்தையும், பிறப்பால் வந்த செருக்கையும் அப்பாடல்களில் கடிந்தார். துன்புற்றோரைத் தம்மவராகக் கொள்பவனே சான்றோன் என்று போதித்தார். குன்பியாகப் பிறந்ததால் செருக்கினின்று தப்பினேன் என்றும் மகிழ்ந்து பாடினார்.

இதுவே குற்றமாயிற்று. புனாவுக்குக் கிழக்கே உள்ள வாகோலியைச் சேர்ந்த இராமேசுவர பட்டர் என்னும் வேத பண்டிதர் முறையிட்டார். சூத்திரன் ஒருவன் வேதப் பொருளை மக்கள் மொழியில் எடுத்துரைக்கிறான். அந்தணரும் அவனை வணங்குகின்றனர். இதனால் தருமம் கெடுகிறது என்பதே அம்முறையீட்டின் சாரம். வழக்கு அதிகாரிகளின் அவையில் தீர்க்கப்பட்டது என்பதற்குத் துக்காராமின் பாடல் ஒன்றே சான்று. பட்டேலும் ஊராரும் சினந்துவிட்டனர், இனி எங்கே சென்று எதை உண்பேன் என்று அதில் அவர் கலங்குகிறார். மகான் என்று நாம் போற்றுபவரும் சோற்றுக்கும் இருப்பிடத்துக்கும் அஞ்சிய மனிதரே. அவ்வச்சத்தை மறைக்காமல் பாடியது அவருடைய வாய்மை.

பாடல் ஏடுகளை அவர் கையாலேயே ஆற்றில் அமிழ்த்த வேண்டும் என்பது தீர்ப்பு. ஏடுகளைக் கல்லோடு கட்டி இந்திராயணியில் இட்டார். முன்பு பிறர் பட்ட கடனை விரும்பி எறிந்த அதே ஆற்றில், இப்பொழுது தம் உயிரனைய பாடல்களைப் பிறர் கட்டளையால் எறிந்தார். சாக்ரடீஸ் எதையும் எழுதி வைக்கவில்லை. ஆதலின் ஏதென்ஸ் மன்றம் அவர் உடலை மட்டுமே அழித்தது. தேஹுவிலோ உடலை விட்டுவிட்டுச் சொல்லைக் கொல்ல முயன்றார்கள்.

துக்காராம் ஆற்றங்கரையில் பதின்மூன்று நாள் உண்ணாமல் கிடந்தார். அதன்பின் ஏடுகள் நனையாமல் மிதந்து வந்தன என்று பக்தர்கள் நம்புகின்றனர். ஏடு நீரில் இடப்பட்ட செய்தி பின்னாளில் கட்டிய கதையன்று. அவர் காலத்திலேயே வாழ்ந்து அவருக்குச் சிஷ்யையான பஹிணாபாய் என்னும் அந்தணப் பெண்மணியும் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். எனினும் காரண காரியத்தை ஆராயும் பௌத்தர்களாகிய நாம் அற்புதத்தைத் தேட வேண்டுவதில்லை. உழவரும் கைத்தொழிலாளரும் அப்பாடல்களை முன்பே நெஞ்சில் எழுதிக்கொண்டுவிட்டனர். நெஞ்சில் எழுதியதை எந்த ஆறு கரைக்கும்? நாலாயிரத்துக்கு மேற்பட்ட அபங்கங்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றன.

முறையிட்ட இராமேசுவர பட்டரே பின்னர் மனம் மாறித் துக்காராமின் சிஷ்யரானார்; தம் குருவைப் புகழ்ந்து பாடல்களும் இயற்றினார். முள் கொம்பால் தம்மை அடித்த மம்பாஜி என்பவரிடம் துக்காராம் சென்று, அடித்த கை நோகுமே என்று வருந்தினார் என்றும் வரலாறு கூறுகிறது. மைத்திரி எனப் பகவான் புத்தர் போதித்த பண்பு இதுவன்றோ? அவர் அப்பெயரைக் கூறவில்லை, அதன்படி நடந்தார்.

1650ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், நாற்பத்திரண்டாம் வயதில், துக்காராம் மறைந்தார். கருட வாகனத்தில் வைகுண்டம் சென்றார் என்பது பக்தர் கூற்று. 1936இல் புனாவின் பிரபாத் கம்பெனியார் எடுத்த மராத்திப் படத்தில் நாம் கண்டதும் அதுவே. 1938இல் முசிரி சுப்பிரமணிய ஐயர் நடித்த படத்தின் வாயிலாகத் தமிழரும் துக்காராமை அறிந்தனர். ஆனால் மற்ற சாதுக்களுக்கு இருப்பது போல் அவருக்குச் சமாதி இல்லை; உடலும் கிடைக்கவில்லை. ஆகவே பகைவர் அவரைக் கொன்று மறைத்திருக்கக் கூடும் என்று மராத்தி அறிஞர் சிலர் ஐயுறுகின்றனர். சான்றின்றி ஒருவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பது நமக்குத் தகாது; அது துக்காராமுக்கு இழைக்கப்பட்ட அநீதியையே நாமும் செய்வதாகும். ஆனால் ஐயத்தை எழுப்பாதே என்று வாயடைப்பதும் தகாது.

இனி முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் 1920இல் மூக்நாயக் பத்திரிகையைத் தொடங்கியபோது, அதன் முகப்பில் துக்காராமின் அபங்கத்தையே பொறித்தார். ஊமையரின் தலைவன் எனப் பெயரிட்ட பத்திரிகைக்கு, ஊமையாக்கப்பட முயன்றவரின் சொல்லைவிடப் பொருத்தமானது எது? அதே பாபாசாகேப் 1954 டிசம்பர் 25இல் தேஹு ரோட்டில் புத்தர் சிலையை ஸ்தாபித்தார். பண்டரிபுரத்துத் திருவுருவம் ஆதியில் புத்தருடையதே என்பதும் அவர் கொண்ட கருத்து. துக்காராமும் ஒரு பாடலில் மௌனம் பூண்டு நிற்கும் தம் தெய்வத்தைப் பௌத்த அவதாரம் என்று விளிக்கிறார். புத்தர் அவதாரம் என்பதை நாம் ஏற்பதில்லை. அதை மறுப்பது நம் உறுதிமொழிகளுள் ஒன்று. எனினும் புத்தர் பெயரை மறந்த நாட்டில் அவரது நினைவின் ஒரு கீற்று தேஹு வணிகரின் நாவில் எஞ்சியிருந்தது என்பதை மறுக்க வேண்டுவதில்லை.

ஆகவே பல்லக்கு வரும் நாளில் நாம் அதனை வணங்க வேண்டா, இகழவும் வேண்டா. கல்வி மறுக்கப்பட்ட குலத்தில் பிறந்தும் கற்றவர், பேசத் தடை விதித்தும் பேசியவர் என்று அம்மனிதரை நினைப்போம். தாகத்தோடு நடந்து வருவோர்க்குத் தண்ணீர் கொடுப்போம். நம் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கொடுப்போம். எந்த ஆற்றிலும் எவர் கட்டளையாலும் ஒருவர் தம் சொல்லை எறிய நேராத காலத்தைச் சமைப்பதே துக்காராமுக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.