ஸ்லேட்டுக் கணக்கும் கணினி வலையும்



ராஜபாளையத்துக் கணினியையும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கணினியையும் இணைக்கும் கம்பி அறுந்து விட்டால் என்ன ஆகும்? செய்தி வேறு ஊர் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். அப்படி மாற்று வழி இருக்கும்படி வலை பின்ன, கணினியையே பார்த்திராத ஒருவரின் கணக்கு உதவுகிறது. அவர்தான் சீனிவாச ராமானுஜன்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை ஜவுளிக்கடைக் கணக்கர். காகிதம் வாங்க வசதியில்லை. ஸ்லேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, விடையை மட்டும் நோட்டில் குறித்துக் கொள்வார். கணக்கில் புலி, மற்ற பாடங்களில் கவனமே இல்லை. கல்லூரி உதவித்தொகை பறிபோனது. பிறகு எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தோல்வி. (இதைச் சாக்காக வைத்து நீங்கள் மற்ற பாடங்களை விட்டுவிடாதீர்கள்!)

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா ஆனார். மாதம் 30 ரூபாய் சம்பளம். 1913-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் கணக்குகளை எழுதி அனுப்பினார். வியந்துபோன ஹார்டி அவரை அழைத்துக் கொண்டார். 1914-ல் கப்பல் ஏறினார். அங்கே குளிர், முதல் உலகப் போர், சைவ உணவுக்குத் திண்டாட்டம். உடல் நலிந்தது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் என்ற பெருமை கிடைத்தது. 1919-ல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல் காலமானார். வயது 32தான்.

1916-ல் அவர் ஒரு ஊகத்தை எழுதி வைத்திருந்தார். அதை முழுமையாக நிரூபித்தவர் தெலீன் என்ற பெல்ஜிய நாட்டு அறிஞர், 1974-ல். அதைக் கொண்டு 1988-ல் லுபோட்ஸ்கி, பிலிப்ஸ், சர்நாக் ஆகிய மூவர், குறைந்த கம்பிகளில் உறுதியான வலைகளை அமைத்துக் காட்டினர். அவற்றுக்கு ராமானுஜன் பெயரையே சூட்டினர்.

அந்த வகையில் ஒரு சின்ன வலையை நீங்களே வரையலாம். ஒரு ஐங்கோணம் வரைந்து, மூலைகளில் 5 புள்ளிகள் வையுங்கள். உள்ளே 5 புள்ளிகள் வைத்து, ஒன்றுவிட்டு ஒன்றை இணைத்தால் நட்சத்திரம் வரும். வெளிப்புள்ளி ஒவ்வொன்றையும் அதற்கு நேரான உள்புள்ளியோடு சேருங்கள். மொத்தம் 10 ஊர், 15 கம்பி. எல்லா ஊர்களையும் நேரடியாக இணைத்தால் 45 கம்பி வேண்டுமே! எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் அதிகம் போனால் 2 கம்பிகளில் போய்விடலாம். எந்த 2 கம்பி அறுந்தாலும் ஓர் ஊர்கூடத் தனித்துப் போகாது.

உண்மையான வலையில் கம்பிகள் அறுவதும் சேர்வதுமாக இருக்கும். ஒவ்வொரு கணினிக்கும் பக்கத்தில் உள்ளவரை மட்டுமே தெரியும். அவரிடம் விசாரித்தே வலையின் வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் படத்தில் ஒன்றோடொன்று இணைந்த 3 புள்ளிகள், அதாவது முக்கோணம், ஒன்றுகூட இல்லை. இணையாத இரு புள்ளிகளுக்கு இடையே புதிதாக ஒரு கோடு போடுங்கள். எங்கே போட்டாலும் ஒரே ஒரு முக்கோணம் பிறக்கும். பென்சிலை எடுத்துச் சோதித்துப் பாருங்கள்!